கிடங்கு வாசலில் கதவடைப்பு: பொறுப்பு யாருடையது?

2021 ஜூன் 8-ந் தேதி பிரிட்டிஷ் சர்க்காரின் இணையதளம் திறக்கவில்லை. லண்டனிலிருந்து வெளிவரும் 'கார்டியன்' பத்திரிகையின் தளம் திறக்கவில்லை. அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' தளமும் அப்படியே. திறக்க முயன்றவர்கள் திரையில் கண்டதெல்லாம் ஒரு பிழைச் செய்திதான்.

யுத்தம் மூண்டதா? இல்லை. கடலடிக் கம்பி அறுந்ததா? இல்லை. எதிரி எவனாவது உள்ளே புகுந்தானா? அதுவும் இல்லை. இந்தத் தளங்களுக்கும் ஜனங்களுக்கும் இடையில் 'ஃபாஸ்ட்லி' என்ற அமெரிக்கக் கம்பெனி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கம்பெனி மே 12-ந் தேதி தன் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தது. அந்த மாற்றத்துக்குள் ஒரு ஓட்டை ஒளிந்திருந்தது. நாலு வாரம் கழித்து அதன் வாடிக்கையாளர் ஒருவர் தமக்கு உரிமையுள்ள ஒரு அமைப்பை மாற்றினார். அவர் செய்தது குற்றமல்ல. ஆனால் ஓட்டை வாயைத் திறந்தது. கம்பெனியின் வலையமைப்பில் 85 சதவிகிதம் பிழையைக் கக்கிற்று. 49 நிமிஷத்தில் 95 சதவிகிதம் சீரடைந்தது என்று கம்பெனியே அறிக்கை வெளியிட்டது.

சீரடைந்தது, சரி. ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாற்றத்தினால் ஒரு நாட்டு சர்க்காரின் தளமே படுத்துவிடும் என்றால், இடையில் நிற்கும் அந்தச் சாதனம் என்ன? அதை யார் கட்டினார்கள்? யார் காக்கிறார்கள்? யார் அதனால் இலாபம் அடைகிறார்கள்?

'கம்ப்யூட்டர் விஷயம் நமக்கெதற்கு, படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று தோழர்கள் எண்ண வேண்டாம். அறுக்க முடியாத முடிச்சு எதுவும் இதில் இல்லை. ஆலையில் வேலை செய்தவருக்கும், வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவருக்கும் இது மிகச் சுலபமாக விளங்கும்.

ஸ்டோர் கீப்பர் செய்யும் வேலை

நூற்பாலையில் யந்திரத்தின் பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பெல்ட் வாங்க யாரும் கடைவீதிக்கு ஓடுவதில்லை. ஆலைக்குள்ளேயே ஸ்டோர் இருக்கிறது. சீட்டைக் காட்டினால் ஸ்டோர் கீப்பர் எடுத்துக் கொடுக்கிறார். இருப்பில் இல்லாத சாமானுக்கு மட்டுமே வெளியே ஆள் அனுப்புகிறார். வாங்கி வந்ததில் ஒன்றை உங்களிடம் கொடுத்து, அடுத்து வருபவருக்கென்று மற்றதை அலமாரியில் வைக்கிறார்.

இணையத்திலும் இப்படி ஒரு ஸ்டோர் கீப்பர் உண்டு. அதன் பெயர் 'கேஷிங் ப்ராக்ஸி'. இந்தக் 'கேஷ்' நாம் அறிந்த ரொக்கம் அல்ல. சேமித்து வைத்தல் என்று பொருள். 'ப்ராக்ஸி' என்றால் இன்னொருவர் சார்பில் நிற்பவர். ஒரு பத்திரிகையின் பக்கத்தை நீங்கள் கேட்டால், கேள்வி நேரே அந்தப் பத்திரிகையின் யந்திரத்துக்குப் போவதில்லை. வழியில் நிற்கும் ப்ராக்ஸி அதை வாங்குகிறது. பக்கம் தன் அலமாரியில் இருந்தால் உடனே கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் மூல யந்திரத்திடம் கேட்டு வாங்கி, உங்களுக்கும் கொடுத்து, அடுத்தவருக்கென்று ஒரு பிரதி எடுத்து வைக்கிறது.

இதனால் நன்மை இரண்டு. கம்பியில் நெரிசல் குறைகிறது. மூல யந்திரத்தின் மேல் விழும் பாரமும் குறைகிறது. ஆயிரம் பேர் கேட்டாலும் மூல யந்திரம் ஒரு முறை பதில் சொன்னால் போதும். கல்லூரிகளும், ஆபீசுகளும், இணைய இணைப்பு விற்கும் கம்பெனிகளும், பெரிய தளங்களும் இந்தச் சாதனத்தை வாசலில் நிறுத்தியிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் எல்லா வழியும் ஒரே வாசல் வழியே போகிறது என்றால், அந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? ஸ்டோர் மூடினால் ஆலை நிற்கிறது. மதகு அடைபட்டால் கடைமடை காய்கிறது. இங்கேயும் அதே கதிதான்.

கதவடைப்பு நடப்பது எப்படி?

முதலாளி ஆலை வாசலில் பூட்டுப் போட்டால் அதற்குக் கதவடைப்பு என்று பெயர். யந்திரம் உள்ளே நன்றாகத்தான் இருக்கும். பஞ்சும் இருக்கும். உழைக்கக் கைகளும் வெளியே காத்திருக்கும். இருந்தும் வேலை நடக்காது. கம்ப்யூட்டர் உலகத்தில் 'சேவை மறுப்பு' என்று சொல்லப்படுவது இதைப் போன்றதே. திருடுவது அதன் நோக்கமல்ல. உள்ளே உள்ளது உள்ளபடியே இருக்கும். வேண்டியவருக்குக் கிடைக்காமல் செய்வதே நோக்கம்.

இதற்குப் பல வழிகள் உண்டு. முதல் வழி, கூட்டத்தை ஏவி வாசலை அடைப்பது. 2023 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி, அக்டோபரில் உலகுக்குத் தெரியவந்த ஒரு தாக்குதலைப் பாருங்கள். இணையத்தின் இரண்டாம் தலைமுறை விதிமுறையில் ஒரு சலுகை உண்டு: கேட்ட கேள்வியை உடனே 'வேண்டாம்' என்று ரத்து செய்யலாம். எதிரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்பது, ரத்து செய்வது; கேட்பது, ரத்து செய்வது. கேட்பவனுக்குச் செலவில்லை, பதில் தயார் செய்யத் தொடங்கிய யந்திரத்துக்குத்தான் மூச்சு முட்டிற்று. ஒரு விநாடிக்கு 39 கோடியே 80 லட்சம் கேள்விகள் தன் மேல் பாய்ந்ததாகக் கூகுள் அறிவித்தது. தன் மேல் விநாடிக்கு 20 கோடியே 10 லட்சம் பாய்ந்ததாகவும், அதை ஏவியது சுமார் 20 ஆயிரம் யந்திரங்களே என்றும் கிளவுட்ஃபிளேர் கம்பெனி சொல்லிற்று.

இரண்டாம் வழிக்கு இந்தக் கூட்டமும் வேண்டாம். ஒரே ஒரு சீட்டுப் போதும். 'ஸ்க்விட்' என்று ஒரு கேஷிங் ப்ராக்ஸி இருக்கிறது. கணவாய் மீனின் பெயர் அது. ஒரு கேள்வி யார் யார் கைமாறி வந்தது என்ற பட்டியலைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புவது வழக்கம். சரக்குச் சீட்டில் ஒவ்வொரு கை மாறும்போதும் கையெழுத்து விழுவதுபோல. அந்தப் பட்டியலைப் பின்னோக்கி ஆராயும்படி ஸ்க்விட்டுக்குச் சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு கையெழுத்தைப் பார்க்கும்போதும், பார்த்துக்கொண்டிருந்த வேலையை முடிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததற்கு அது போயிற்று. எதிரி ஒருவன் மிக நீண்ட பட்டியலைக் கொடுத்தால், முடிக்காத வேலைகள் மேலுக்கு மேல் குவிந்து, இடம் போதாமல் ஸ்க்விட் விழுந்துவிடும். 2023 டிசம்பரில் வந்த 6.6 பதிப்பில்தான் இது சரி செய்யப்பட்டது. துண்டு துண்டாக வரும் செய்திகளைச் சேர்க்கும் பகுதியிலும் இதே ஜாதி ஓட்டை இருந்தது. அது 2024 மார்ச்சில் 6.8 பதிப்பில் அடைக்கப்பட்டது.

மூன்றாம் வழி மிகவும் விஷமமானது. 2019-ல் ஜெர்மனியின் கொலோன், ஹாம்பர்க் நகரங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்கிக் காட்டினார்கள். எதிரி கோணலான ஒரு கேள்வியை அனுப்புகிறான். இடையில் நிற்கும் ப்ராக்ஸி அதில் கோணலைக் காணாமல் மூல யந்திரத்துக்கு அனுப்புகிறது. மூல யந்திரம் 'இது செல்லாது' என்று பிழைப் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. ப்ராக்ஸி என்ன செய்கிறது? அந்தப் பிழைப் பக்கத்தையே பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொள்கிறது! பின்னால் நேர்மையாகக் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே எடுத்துக் கொடுக்கிறது. ஒருவனுக்குச் சொன்ன 'இல்லை' ஊருக்கெல்லாம் 'இல்லை' ஆகிவிடுகிறது. சேமிப்பே நஞ்சாகிவிடுகிறது.

நான்காவதாக 'வார்னிஷ்' என்ற இன்னொரு கேஷ் மென்பொருளைச் சொல்ல வேண்டும். நார்வே நாட்டின் 'வெர்டன்ஸ் காங்' பத்திரிகையின் தேவைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப் எழுதியது அது, 2006-ல் வெளிவந்தது. 2017 ஆகஸ்டில் அதில் ஒரு ஓட்டை அறிவிக்கப்பட்டது. நிரலில் ஒரே ஒரு நிபந்தனை வரி தவறாக எழுதப்பட்டிருந்தது. அதைத் தட்டுகிற கேள்வி வந்தால் வார்னிஷ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு மறுபடி துவங்கும். துவங்கும்போது அலமாரி காலி! சேமித்ததெல்லாம் போய், அத்தனை பாரமும் மூல யந்திரத்தின் தலையில் விழும். எதிரி திரும்பத் திரும்ப அனுப்பினால், எழுவதும் விழுவதுமே அதன் வேலையாகிவிடும்.

ஆகவே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தைத் தடுக்கப் பெரிய மதில் கட்டலாம். பணம் உள்ளவன் கட்டிக்கொள்கிறான். ஆனால் ஒரே சீட்டில் விழுகிற ஓட்டைக்கு மதில் மருந்தாகாது. அதற்கு மருந்து ஒன்றுதான். தெரிந்த கைகள் உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்து, பழுதைத் திருத்த வேண்டும். அதாவது, உழைப்பு வேண்டும்.

55 ஓட்டைகளும் ஆளில்லாப் பட்டறையும்

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. ஸ்க்விட்டின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1990-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையும் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையும் சேர்ந்து 'ஹார்வெஸ்ட்' என்ற ஆராய்ச்சியை நடத்தின. 'அறுவடை' என்று பொருள். செலவு பொதுப்பணம். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் இந்தக் கேஷ் மென்பொருள். பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வியாபாரச் சரக்காகி, 'நெட்கேஷ்' என்ற பெயருடன் 1997-ல் நெட்வொர்க் அப்ளையன்ஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. மற்றொரு கிளை பொதுச் சொத்தாக நின்றது. டுவேன் வெசல்ஸ் என்பவர் அதை முன்னின்று நடத்தினார். 1996-ல் 'ஸ்க்விட்' என்ற பெயரில் அது வெளிவந்தது. யாரும் எடுத்து உபயோகிக்கலாம், யாரும் நிரலைப் படிக்கலாம், யாரும் திருத்தலாம்.

அமெரிக்க தேசிய விஞ்ஞான நிதி ஸ்தாபனம் அதற்குப் பணம் கொடுத்து வந்தது. 2000 ஜூலையில் அந்தப் பணம் நின்றது. அன்று முதல் தொண்டர்கள் உழைப்பிலும், நன்கொடையிலும், எப்போதாவது ஏதாவது கம்பெனி கொடுக்கும் வேலையிலுமே ஸ்க்விட் வாழ்ந்து வருகிறது.

2021 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஸ்க்விட்டின் நிரலை முழுக்கச் சோதித்தார். கண்டது 55 பாதுகாப்பு ஓட்டைகள். அவற்றை நிர்வாகிகளிடம் ஒப்படைத்தார். காத்திருந்தார். இரண்டரை வருஷம் கழிந்தது. 2023 அக்டோபரில் அவர் எல்லாவற்றையும் பகிரங்கமாக வெளியிட்டபோது, 35 ஓட்டைகள் இன்னும் அடைபடாமல் இருக்கின்றன என்று எழுதினார். இணையத்தில் வெளியே தெரியும்படி 25 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்க்விட் யந்திரங்கள் இருப்பதாகவும் சொன்னார்.

அவர் நிர்வாகிகளைத் திட்டினாரா? இல்லை. அவர்கள் தமக்கு உதவினார்கள், ஒத்துழைத்தார்கள் என்றே சொன்னார். அவர்களிடம் ஆள் இல்லை. இத்தனை பழுதையும் திருத்துவதற்கு வேண்டிய வசதி இல்லை என்றார். 25 லட்சம் வாசல்கள்! அவற்றின் பூட்டைப் பழுது பார்க்கிற பட்டறையில் ஆள் இல்லை!

இந்தப் பட்டியலில் இருந்த ஒரு ஓட்டை நமக்குப் பெரிய பாடம். 'கோஃபர்' என்று ஒரு பழைய முறை இருந்தது. 1991-ல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் பிறந்தது. இன்றைய இணையப் பக்கங்கள் பரவியதும் அது வழக்கொழிந்து போயிற்று. ஆனால் ஸ்க்விட்டுக்குள் கோஃபருக்கென்று ஒரு வாசல் எப்போதும் திறந்தபடியே கிடந்தது. அந்த வாசல் வழியாக ஒரு குறிப்பிட்ட விதமான பதில் வந்தால் ஸ்க்விட் விழுந்துவிடும். கெட்ட எண்ணமே இல்லாத ஒரு கோஃபர் யந்திரம் பதில் அனுப்பினால்கூட விழும்! கடைசியில் ஆறாம் பதிப்பில் கோஃபர் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் யாரும் போகாத வாசலுக்குக் காவலும் இல்லை, பூட்டும் இல்லை. ஏன்? பழையதைக் கழிப்பதற்கும் ஆள் வேண்டும். அதுவும் உழைப்புத்தான்.

'ஈ.எஸ்.ஐ.' என்று இன்னொரு பகுதியும் ஸ்க்விட்டில் இருந்தது. நம் ஆலைத் தொழிலாளர் அறிந்த ஈ.எஸ்.ஐ. அல்ல, பல துண்டுகளை வாசலிலேயே ஒட்டி ஒரு பக்கமாக்கித் தரும் ஒரு முறை. அதிலும் சேவை மறுப்பு ஓட்டைகள் இருந்தன. 2024-ல் அந்தப் பகுதி சாதாரணமாக இயங்காதபடி நிறுத்தி வைக்கப்பட்டது.

விஷயம் பகிரங்கமான பிறகு வேலை வேகமெடுத்தது. 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை 6.4 முதல் 6.8 வரை பதிப்புகள் வரிசையாக வந்தன. ஓட்டைகள் பல அடைபட்டன. இதற்கு என்ன அர்த்தம்? முடியாத காரியம் ஒன்றும் இதில் இல்லை. கவனமும் கைகளும் சேர்ந்தால் நடக்கிறது. இரண்டரை வருஷம் அவை ஏன் சேரவில்லை என்பதே கேள்வி.

பழி யார் மேல்?

சிலர் சொல்கிறார்கள்: 'இலவசச் சரக்கு இப்படித்தான் இருக்கும். காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்தக் கதி வராது.' அப்படியா? 2021-ல் விழுந்த ஃபாஸ்ட்லியின் சேவை இலவசமா? அதன் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்தவர்கள்தானே? காசு கொடுத்தால் ஓட்டை வராது என்று சொல்வது, காரில் போகிறவனுக்குக் காய்ச்சல் வராது என்று சொல்வதுபோல. விலைச்சரக்கிலும் ஓட்டை உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். பொதுச்சரக்கின் நிரலை வெளியிலிருந்து யாரும் படித்து ஓட்டையைக் காணலாம். அப்படித்தான் 55 வெளிவந்தது. மூடிய சரக்கின் ஓட்டையைக் கம்பெனி சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

வேறு சிலர் சொல்கிறார்கள்: 'ஓட்டையைப் பகிரங்கமாக்கியதே தவறு. எதிரிக்கு வழி காட்டியதுபோல ஆயிற்று.' இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கண்ட மறுநாளே வெளியிட்டிருந்தால் நாமும் கண்டித்திருப்போம். ஆனால் இரண்டரை வருஷம் வாய் மூடியிருந்தவரைக் குறை சொல்வது எப்படி? பாய்லரில் விரிசல் கண்ட தொழிலாளி முதலில் மேஸ்திரியிடம் சொல்கிறான். பிறகு மானேஜரிடம் சொல்கிறான். யாரும் அசையவில்லை என்றால் கூடத் தொழில் செய்யும் தோழர்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? விரிசலை மறைத்தால் விரிசல் மூடிக்கொள்ளாது.

இன்னும் சிலர் அந்தத் தொண்டர்களைப் பார்த்தே கேட்கிறார்கள்: 'ஏன் அடைக்கவில்லை? பொறுப்பில்லையா?' இவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: நீங்கள் அவர்களுக்குக் கூலி கொடுத்தீர்களா? ஒரு நாள் உட்கார்ந்து கூட வேலை செய்தீர்களா? கூலி இல்லாமல் இரவில் கண் விழித்து வேலை செய்தவர்களிடம் கணக்குக் கேட்க, அந்த வேலையை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தவனுக்கு என்ன உரிமை?

இது ஸ்க்விட்டின் கதை மட்டுமல்ல. 2014-ல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை உலகத்தைக் கலக்கிற்று. பாங்கிகளும் வியாபாரத் தளங்களும் இரகசியம் காக்க நம்பியிருந்த 'ஓபன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் அது இருந்தது. அதன் நிலைமையை விசாரித்தபோது தெரிந்தது என்ன? அதற்கு வந்த நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழு நேரம் வேலை செய்தவர் ஒரே ஒருவர். விபத்துக்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் ஒன்று கூடிப் பணம் போட்டன. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்ட வந்தார்கள்!

நம் கிராமத்து ஏரியை எண்ணிப் பாருங்கள். ஏரித் தண்ணீர் பொது. அதனால் கரையை மராமத்துப் பார்ப்பதும் பொது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள் முன்னோர். நஞ்சை அதிகம் வைத்திருப்பவன் அதிகத் தண்ணீர் எடுக்கிறான். ஆகவே மராமத்துக்கும் அவன் அதிகம் தர வேண்டும் என்பது நியாயம். ஆனால் கரையில் மண் சுமந்தது யார்? வேலியில் பாதிகூட நிலமில்லாத ஏழைதான். தண்ணீர் அவனுக்கு வந்து சேர்வதோ கடைசியில். கம்ப்யூட்டர் உலகத்திலும் இன்று நடப்பது இதுவே. பெரிய கம்பெனி மடை திறந்து எடுத்துக்கொள்கிறது. கரையில் மண் சுமப்பவன் கூலியில்லாத் தொண்டன். கரை உடைந்தால் பழியும் அவனுக்கே.

கடைசியில் நிற்பவரின் கணக்கு

இதெல்லாம் அமெரிக்காக்காரன், ஜெர்மன்காரன் கவலை என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. இன்று நம்முடைய ரேஷன் அரிசியும் யந்திரத்தில் விரல் வைத்த பிறகே அளக்கப்படுகிறது. அந்த யந்திரம் கடையில் இருக்கிறது. ஆனால் பதில் தூரத்து யந்திரத்திலிருந்து வர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆஜர் போடுவதையும் செல்போன் வழியாகவே செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கிற்று. கூலி பாங்கிக் கணக்குக்குப் போகிறது. பஸ் ஏறி பாங்கிக்குப் போனால் அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும், கடைசியில் நிற்பவருக்குக் காதில் விழும் வார்த்தை ஒன்றுதான்: 'சர்வர் இல்லை, நாளைக்கு வா.' பத்திரிகை முதலாளிக்கு 49 நிமிஷம் தளம் நின்றால் விளம்பர வருமானம் கொஞ்சம் குறையும். ஆனால் விவசாயத் தொழிலாளிக்கு? அரிசிக்காக வந்த நாள் போயிற்று; அந்த நாளின் கூலியும் போயிற்று. நாளைக்கு வந்தால் நாளையக் கூலியும் போகும். ஒரே கதவடைப்பு, ஆனால் ஒருவனுக்குச் சிராய்ப்பு, இன்னொருவனுக்கு வயிற்றில் அடி.

இதனால்தான் இந்த ஓட்டைகளை நிபுணர்களின் தனி விவகாரமாக விட்டுவிட முடியாது என்கிறோம். பொது வாழ்க்கையின் வாசலில் ஒரு சாதனத்தை நிறுத்தினால், அதன் மராமத்தும் பொது விவகாரமே.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உபயோகிப்பவன் மராமத்துக்குத் தர வேண்டும். இலாபம் சம்பாதிக்கும் கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும், தாங்கள் நம்பியிருக்கும் பொது மென்பொருளுக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். இது நடக்காத கனவல்ல. ஜெர்மன் சர்க்கார் 2022-ல் இதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தியது. பொது மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அதிலிருந்து கூலி கொடுக்கிறது. சாலைக்கும் பாலத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டென்று ஒப்புக்கொள்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் கையை விரிக்க வேண்டும்?

இரண்டாவது, தர்மமாகத் தரும் காசு போதாது. விபத்து வந்த வருஷம் வசூல், மறு வருஷம் மறதி என்ற முறை கூடாது. வருஷா வருஷம் நிலையான கூலி, நிலையான ஆட்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது முழுச் சோதனை என்ற ஏற்பாடு வேண்டும். பாய்லரைக் காலாகாலத்தில் பரிசோதிக்கச் சட்டம் இருக்கிறது. ஜனங்களின் அரிசியும் கூலியும் போகும் வழிக்கும் அப்படி ஒரு சட்டம் அவசியம்.

மூன்றாவது, அடைத்த ஓட்டையின் பலன் வாசலுக்கு வந்து சேர வேண்டும். ஸ்க்விட்டின் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதால் பழைய பதிப்பை ஓட்டுகிறவனுக்கு ரட்சணை கிடைத்துவிடாது. எந்த இலாகா எந்தப் பதிப்பை ஓட்டுகிறது, திருத்தம் வந்து எத்தனை நாளில் அதை ஏற்றுக்கொண்டது என்று கணக்குக் கேட்க வேண்டும். உபயோகமில்லாத வாசல்களை மூட வேண்டும். கோஃபரின் பாடத்தை மறக்கக் கூடாது.

நான்காவது, யந்திரம் நின்றால் ஜனங்களின் உரிமை நிற்கக் கூடாது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் ஒரு நாள் ஒரு சாதனம் விழத்தான் செய்யும். அந்த நாளைக்கென்று காகிதப் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். விரல் யந்திரம் பேசாவிட்டால் நோட்டில் எழுதி அரிசியை அளந்து கொடு. செல்போன் ஆஜர் போடாவிட்டால் தாளில் எழுதிக் கூலியைக் கொடு. சாதனத்தின் பழுதைத் தொழிலாளியின் தலையில் கட்டாதே!

யந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. ஸ்க்விட்டும் வார்னிஷும் மனித உழைப்பின் நல்ல விளைச்சல்கள். உழைப்பை மிச்சப்படுத்துகின்றன, தூரத்தைச் சுருக்குகின்றன. முன்பின் அறியாத தேசத்தாருக்காகக் கூலி வாங்காமல் இரவு பகலாக நிரல் எழுதும் அந்தத் தொண்டர்கள் நம்மைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள நினைப்பவர்களை நாம் நம்பக் கூடாது.

'சர்வர் இல்லை' என்று இனி யாராவது சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். ஏன் இல்லை, எவ்வளவு நேரமாக இல்லை, அதைப் பழுது பார்க்க யாருக்கு எவ்வளவு கூலி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் பதில் வராது. சங்கத்தில் பேசுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஆலை வாசலில் பூட்டுத் தொங்கினால் கேட்கத் தெரிந்த நமக்கு, கண்ணுக்குத் தெரியாத வாசலில் தொங்கும் பூட்டைப் பற்றியும் கேட்கத் தெரியும்.